சத்தியம் போட்டுச் சொன்ன பதில்கள்

1

டெல்லி ஒன்றும் வெளிநாடு இல்லை. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். ரயிலில் இரண்டு ராத்திரி படுத்து எழுந்தால் வந்துவிடும். ஆனாலும் முப்பத்திரண்டு வருஷம் இங்கே குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அருப்புக்கோட்டைக்கும் என் குவார்ட்டர்ஸ் இருக்கிற கிட்வாய் நகருக்கும் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது. ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். பால்காரனிடம் இந்தியில் பேசி, ஆபீசில் இங்கிலீஷில் நோட் எழுதி, பெற்ற மகளிடம் பாதி இந்தியில் சண்டை போட்டுப் பாருங்கள், தெரியும்.

எனக்கு வாரத்தில் தமிழ் என்பது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அப்போதுதான் எங்கள் ஹாஸ்டல் பசங்க போன் குரூப்பில் பாட்டு விளையாட்டு நடக்கும். பசங்க என்றால் எல்லோருக்கும் அறுபதை ஒட்டி வயது. மதுரைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஒரே ஹாஸ்டலில் மூன்று வருஷம் கிடந்தவர்கள். மதுரையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பாண்டிதான் கேள்வி போடுவான். மஸ்கட்டில் இருக்கும் அந்தோணி, நான், இன்னும் ஆறேழு பேர் பதில் சொல்வோம்.

விளையாட்டின் விதி எளிது. பாண்டி ஒரு பழைய பாட்டிலிருந்து ஒரே ஒரு வரியைத் தட்டிவிடுவான். பல்லவியிலிருந்து கிடையாது, அது குழந்தைக்கும் தெரியும். இரண்டாவது சரணத்திலிருந்துதான் எடுப்பான். பத்து நிமிஷத்துக்குள் அது எந்தப் பாட்டு என்று நாங்கள் சொல்ல வேண்டும். போனில் தேடக் கூடாது. தேடவில்லை என்பதற்கு அடையாளமாக முதலில் "சத்தியம்" என்று தட்டிவிட்டு அதற்குப் பக்கத்தில்தான் பதிலை எழுத வேண்டும். சத்தியம் போடாத பதில் செல்லாது. அந்தோணி இரண்டு தடவை மறந்துபோய் வெறும் பதிலை எழுதி மூக்குடைபட்டிருக்கிறான்.

பதினோரு வருஷமாக இந்த விளையாட்டில் நான்தான் ராஜா. எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'டெல்லி ரேடியோ'. பாண்டி வரியைப் போட்டு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, என் சத்தியம் வந்து விழும். "எப்புட்றா வேலு, வடக்க போயி முப்பது வருஷமாச்சு, இன்னும் மண்டைக்குள்ள இம்புட்டு வச்சிருக்க?" என்று பாண்டி குரல் செய்தி அனுப்புவான். நான் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொள்வேன்.

அதில் ஒரு பதில்கூட என்னுடையது இல்லை.

2

என் மனைவியின் அப்பா அருப்புக்கோட்டையில் மைக் செட் கடை வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் குழாய் ரேடியோ கட்டிப் பாட்டுப் போடுவார். பள்ளிக்கூடம் லீவு என்றால் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் ஒயர் பிடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் ஏறிக்கொண்டிருப்பார். இசைத்தட்டு மாற்றுகிற வேலை இவளுக்கு. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறதுக்குள் சத்தம் நின்றுவிட்டால் கல்யாண வீட்டுக்காரர் கத்துவார். அதனால் இரண்டாவது சரணம் வந்ததுமே இவள் எழுந்து அடுத்த தட்டை உறையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

"எனக்குப் பாதிப் பாட்டுக்குப் பல்லவி சரியாத் தெரியாது. அப்ப நான் வெளையாடிக்கிட்டு இருப்பேன். ரெண்டாவது சரணம் வந்தா எந்திரிக்கணும், அது மட்டும் காதுல ஏறிப்போச்சு," என்பாள்.

பாண்டி அந்த விளையாட்டை யாருக்காகக் கண்டுபிடித்தான் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவள் சமையலறையில் இட்லி ஊற்றிக்கொண்டோ, ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டோ இருப்பாள். வரி வந்ததும் நான் அதை வாய்விட்டு வாசிப்பேன். அவளைப் பார்த்து வாசிக்க மாட்டேன். எனக்கு நானே வாசித்துக்கொள்கிற மாதிரி, ஆனால் சமையலறைக்குக் கேட்கிற மாதிரி. அவளும் எனக்குப் பதில் சொல்ல மாட்டாள். தனக்குத் தானே முணுமுணுக்கிற மாதிரி பாட்டின் முதல் அடியைப் பாடுவாள். முதல் அடி மறந்திருந்தால் படம், பாடியவர், எந்தக் கல்யாணத்தில் போட்டது என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். நான் சத்தியம் தட்டுவேன்.

"இது என்ன பாட்டு?" என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. "நான்தான் சொன்னேன்" என்று அவளும் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு. போனில் தேடவில்லை அல்லவா, அப்புறம் சத்தியம் எப்படிப் பொய்யாகும் என்று நானே எனக்குச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். கவர்ன்மென்ட் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவனுக்கு விதியை வளைக்கச் சொல்லியா தர வேண்டும்?

3

ஒரே ஒரு தடவை கேட்டாள். ஊரெல்லாம் கதவை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்த அந்த வருஷம். அன்றைக்கு அடுத்தடுத்து ஆறு கேள்வி, ஆறும் நான்தான். அதாவது அவள்தான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"ஏங்க, என்னையும் அதுல சேத்துவிடுங்களேன். இங்கிருந்து கத்துறதுக்கு நானே தட்டிருவேன்ல."

நான் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். "அது ஹாஸ்டல் பசங்க குரூப்பு. கண்டதையும் பேசுவானுங்க. உனக்கு எதுக்கு?"

"சரி," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அதற்கடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்தபோது சமையலறையிலிருந்து சத்தம் வரவில்லை. நான் இன்னும் உரக்க வாசித்தேன். மிக்ஸி ஓடியது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மறுபடி பாட ஆரம்பித்துவிட்டாள். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அது கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லையே.

குரூப்பில் யாரும் கண்டதையும் பேச மாட்டார்கள். சுகர் மாத்திரை, பேரன் மொட்டை, முழங்கால் வலி, இதுதான் பேச்சு. உள்ளதைச் சொல்கிறேன். அவள் உள்ளே வந்தால் ரேடியோ யார் என்று தெரிந்துவிடும். ஆபீசில் என் பேரை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவன் எவனும் கிடையாது. பிரமோஷன் இரண்டு தடவை கைக்கு வந்து நழுவியது. இந்த ஊரில் எனக்கு என்று இருந்த ஒரே கெத்து அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதை அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அது அவளுடையதுதான் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவே இல்லை.

4

ஜனவரி மாதம், எதிர் பிளாக்கே தெரியாத பனிமூட்டமான ஒரு காலையில், பால் அடுப்பில் இருக்கும்போதே அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்ல, தலை சுத்துது" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்தைந்து வயது.

குரூப்பில் நான்தான் செய்தி போட்டேன். "என் மனைவி இன்று காலை காலமானார்." ஆபீஸ் சர்க்குலர் மாதிரி அந்த ஒரே வரி. பாண்டி போனில் அழுதான். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை நிறுத்திவிடலாம் என்றான். நீங்கள் ஆடுங்கள், நான் அப்புறம் வருகிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். எங்கள் ஆபீசில் எனக்கு ஒரு நல்ல பேர் உண்டு. என் மேஜையில் ஃபைல் தங்காது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பெயர் இருக்கிற இடங்களையெல்லாம் பட்டியல் போட்டேன். ரேஷன் கார்டு, மருத்துவ அட்டை, குவார்ட்டர்ஸ் பதிவு, கேஸ் புத்தகம், போன் நம்பர் என்று பதினோரு இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபாரம், இறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று, என் கையெழுத்து. கவுண்டரில் "ஆப்கி கௌன் தீ?" என்று கேட்பார்கள், உங்களுக்கு என்ன உறவு என்று. "பத்னி" என்பேன். முத்திரை விழும். பட்டியலில் ஒரு டிக் போட்டுக்கொள்வேன். பிப்ரவரி முடிவதற்குள் பதினொன்றும் முடிந்துவிட்டது. ஒன்றுகூட பெண்டிங் இல்லை. அந்தத் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மகள் நிவேதா, வேலை பார்க்கும் குர்கானிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, அம்மா நம்பரை நீங்க பந்த் பண்ணிட்டீங்களா?"

"ஆமா. இனிமே எதுக்கு அது?"

"என்கிட்ட ஒரு பார் பூச்சா க்யா ஆப்னே? ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் டெய்லி அதுல அம்மாவுக்கு மெசேஜ் பண்ணிட்டிருந்தேன்ப்பா. ஆபீஸ் போய்ட்டேன், சாப்ட்டேன்னு. சார்ஜ் போட்டு வைங்கன்னு உங்ககிட்ட சொல்ல ஷரம்மா, வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல."

அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. லோதி ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துத் தமிழ் படிக்க வைக்கலாம் என்று அவள் அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டாள். பஸ் வசதி இல்லை என்று நான்தான் தட்டிக்கழித்தேன். அன்றைக்கு அவள் அழுதுகொண்டே சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவும்போது எதையோ முனகினாள். வார்த்தை ஒன்றும் இல்லை, மெட்டு மட்டும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஏதோ ஒரு பாட்டின் இரண்டாவது சரணமாகத்தான் இருக்க வேண்டும். எந்தப் பாட்டு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தவளை நாங்கள் இரண்டு பேரும்தான் கொண்டுபோய் லோதி ரோடு சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

5

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவள் போய் ஏழு மாசம் ஆகியிருந்தது. எங்கள் விளையாட்டு ஆரம்பித்துப் பதினோரு வருஷம் முடிகிற நாள். பாண்டி முந்தின நாளே போன் பண்ணினான். "மாப்ள, நாளைக்கு வந்துரு. ரேடியோ இல்லாம ரொம்பச் சப்புன்னு இருக்குடா."

எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் மூன்று மாசம். அதற்கப்புறம் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இந்த ஹாலில் உட்கார்ந்து ஆட இனி எத்தனை ஞாயிற்றுக்கிழமை கிடைக்கப்போகிறது என்று நினைத்துச் சரி என்றேன்.

காலையில் குளித்து, வேட்டி கட்டி, அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். சரியாகப் பத்து மணிக்கு வரி வந்தது. நான் வாய்விட்டு வாசித்தேன்.

பழக்கம். யோசித்துச் செய்யவில்லை. சமையலறைக்குக் கேட்கிற சத்தத்தில் வாசித்துவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை எழுந்துபோய்ச் சமையலறை வாசலில் நின்று வாசித்தேன். தெருவில் போகிறவன் எவனாவது பார்த்திருந்தால் இந்த மதராசிக்கு மண்டை குழம்பிவிட்டது என்று சொல்லியிருப்பான்.

பத்து நிமிஷம் ஓடிவிட்டது. அந்தோணி எழுதினான்: "ரேடியோ சிக்னல் கெடைக்கலயா?" பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. அவன்மேல் தப்பு இல்லை.

நான் எழுத ஆரம்பித்தேன். என் விரல் தடிமன், தமிழில் தட்ட எனக்கு நேரமாகும். ஆனாலும் முழுசாக எழுதினேன். இத்தனை வருஷமாக ஒரு பதிலும் என்னுடையது இல்லை, எல்லாம் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து சொன்னது, நான் வெறும் விரல்தான், என்னை மன்னித்துவிடுங்கடா என்று எழுதி அனுப்பினேன். என்ன சொல்லப்போகிறார்கள்? திட்டுவார்களா, சிரிப்பார்களா?

போன் அடித்தது. பாண்டி.

"தெரியும்டா," என்றான்.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். தங்கச்சி ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்து மூணு வாரம் இருந்துச்சுல்ல? அந்த மூணு வாரமும் நீ முட்டை. வேலை ஜாஸ்தின்ன. அப்புறம் நீ அனுப்புன ஒரு குரல் செய்தியில பின்னாடி தங்கச்சி பாடுறது நல்லாவே கேட்டுச்சு. ஏழு வருஷமாத் தெரியும்டா எங்களுக்கு."

"ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லி என்ன பண்ண, உன்னைய அசிங்கப்படுத்தவா? நீயா ஒரு நாள் தங்கச்சியச் சேத்துவிடுவன்னு பாத்தோம். அந்தோணி உன்கிட்ட ரெண்டு தடவ கேட்டானே, வீட்டுக்காரங்களையும் உள்ள கூட்டிட்டு வாடான்னு. நீதான, அவளுக்கு இதுலெல்லாம் இன்ட்ரஸ்ட் இல்லன்னுட்ட."

அப்படிச் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். இத்தனை நாளும் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. அவள் உள்ளே வந்தால் நண்பர்களுக்கு என்னவோ போல இருக்கும், அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று. அதுவும் போய்விட்டது. கதவை அந்தப் பக்கம் எல்லோரும் திறந்துதான் வைத்திருந்தார்கள். நடுவில் குறுக்கே நின்றது நான் ஒருத்தன்தான்.

"வேலு, இருக்கியாடா?" என்றான் பாண்டி.

"இருக்கேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்கப்புறம் வாய்விட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, சுடுகாட்டில் அழவில்லை. இப்போது அழுதேன். பக்கத்து வீட்டு அம்மா மணியடித்து "பாயி சாப், சப் டீக் ஹை?" என்று கேட்டாள், எல்லாம் சரிதானே என்று. டீக் ஹை என்றேன்.

6

அதற்குப் பிறகு நான் செய்தது பைத்தியக்காரத்தனம்தான்.

குரூப்பில் ஒருத்தரைச் சேர்க்க ஃபாரம் கிடையாது, நகல் கிடையாது, முத்திரை கிடையாது. ஒரு பட்டன். பதினோரு இடத்தில் அவள் பெயரை அடிக்க அலையாய் அலைந்தவன், ஒரே ஒரு இடத்தில் சேர்க்க அந்தப் பட்டனை அமுக்கவில்லை. அவள் நம்பரை என் போனிலிருந்து நான் இன்னும் எடுக்கவில்லை. அது செத்துப்போன நம்பர், யாரும் பார்க்கப்போவதில்லை, தெரியும். பெயராவது அங்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அமுக்கினேன்.

நீங்கள் செண்பகத்தைச் சேர்த்தீர்கள் என்று வந்தது.

அந்த வரியை எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. கீழே "இது வீட்டுக்காரி நம்பர்டா" என்று மட்டும் எழுதினேன். பாண்டி உடனே எழுதினான்: "வா தாயி." அந்தோணி ஒரு கும்பிடு போட்டான். ஒவ்வொருவராக, வாங்க தங்கச்சி, வாங்க சிஸ்டர் என்று எழுதினார்கள். பாண்டி புதுசாக ஒரு வரியைப் போட்டு, "இது தங்கச்சிக்கு. வேற எவனும் பதில் சொல்லக் கூடாது" என்று எழுதினான். யாரும் சொல்லவில்லை. எல்லோரும் காத்திருந்தோம். எதற்குக் காத்திருந்தோம் என்று கேட்காதீர்கள்.

பதில் வந்தது.

அவள் பெயரிலேயே வந்தது. இந்தியில் இருந்தது. "யே கௌன்சா குரூப் ஹை பையா? முஜே நஹி பதா. கலத் நம்பர்." இது என்ன குரூப்பு அண்ணா, எனக்குத் தெரியாது, தப்பான நம்பர் என்று.

மூடிய நம்பர்கள் கொஞ்ச மாசம் கழித்து வேறொருவருக்குப் போய்விடும் என்று நிவேதா பிறகு சொன்னாள். அப்போது எனக்கு அது தெரியாது. அந்தப் பெயர்மேல் விரலை வைத்தேன். படம் பெரிதாக வந்தது. கையில் குழந்தையோடு, நெற்றி வகிட்டில் குங்குமம் வைத்த ஒரு சின்னப் பெண். முகத்தில் சிரிப்பு. அவள் என்ன தப்பு செய்தாள், பாவம்? கடையில் கொடுத்த நம்பரை வாங்கிக்கொண்டாள். நான் "சாரி பேட்டி", மன்னித்துக்கொள் மகளே என்று தட்டிக்கொண்டிருக்கும்போதே கீழே இன்னொரு வரி வந்தது.

செண்பகம் வெளியேறினார்.

ஆறு நிமிஷம். அவள் ஆசைப்பட்ட இடத்தில் அவள் பெயர் இருந்தது ஆறு நிமிஷம். சேர்த்த நேரமும் வெளியேறிய நேரமும் போனிலேயே இருக்கிறது.

சமையலறைக் குழாயைப் போய் இறுக்கி மூடிவிட்டு வந்தேன். அப்போது அந்தோணி எழுதியிருந்தான். அவன் எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை, அதற்கு முன்பே மஸ்கட்டுக்குப் போய்விட்டான். அவர்கள் போனில் அவளைப் பெயர் போட்டு யாரும் வைத்திருக்கவில்லை அல்லவா, அவர்களுக்கு வந்ததும் போனதும் வெறும் நம்பராகத்தான் தெரிந்திருக்கிறது.

"வேலு, கோவிச்சுக்காத. இத்தன வருஷமா தங்கச்சி தங்கச்சின்னே சொல்லிட்டோம். அவங்க பேரு என்னடா?"

யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாய்விட்டு வாசிக்க வேண்டியிருக்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கே தெரிந்த ஒரு பதில்.

நான் முதலில் "சத்தியம்" என்று தட்டினேன். அதற்குப் பக்கத்தில் "செண்பகம்" என்று எழுதி அனுப்பினேன்.